கர்ப்பப்பையை எடுத்தால் எண்டோமெட்ரியோசிஸ் போய்விடுமா? நீலகிரி மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

"கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்." மாதத்தில் பத்து நாள் வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம் வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள். சில டாக்டர்களும் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. கர்ப்பப்பையின் உள்பூச்சைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பைக்குள் வளர்ந்தால் பழைய ரத்தம் தேங்கி 'சாக்லேட் கட்டி' ஆகிறது. கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் வளர்ந்தால் இரண்டையும் பசை போட்டதுபோல் ஒட்டவைக்கிறது. மூத்திரப்பை மேலும், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாயைச் சுற்றியும்கூடப் படரும். இப்படி நோய் வெளியே பரவியிருக்கும்போது பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும். வலி நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதன் உடன்பிறப்பு அடினோமயோசிஸ். அதில் அதே திசு கர்ப்பப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே ஊடுருவும். பை உப்பிக் கனத்துப்போகும், ரத்தப்போக்கு கட்டி கட்டியாக வரும். பையை எடுத்தால் இது போய்விடும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பெண்கள் நிறைய. "பையை எடுத்ததும் எனக்குச் சரியாயிடுச்சு" என்பவருக்கும் "எடுத்தும் வலி போகலை" என்பவருக்கும் இருந்தது ஒரே நோயாக இருக்க வேண்டியதில்லை. அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "என்னென்ன எடுப்பீர்கள்? பைக்கு வெளியே உள்ளதையும் எடுப்பீர்களா?" என்பதைத்தான்.

ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ அமைப்பான ஈஷ்ரே 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. இனிக் குழந்தை வேண்டாம், மாத்திரையும் ஊசியும் பலன் தரவில்லை என்றால் கர்ப்பப்பை நீக்கத்தை யோசிக்கலாம். அப்படிச் செய்தால் கண்ணுக்குத் தெரியும் நோய்த்திசு அத்தனையையும் சேர்த்து எடுக்க வேண்டும். வாய்ப்பகுதியை விட்டுவைக்காமல் முழுப் பையையும் எடுப்பதே மேல். இத்தனைக்குப் பிறகும் நோய் முழுசாகக் குணமாகாமல் போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சினைப்பைகளை என்ன செய்வது என்பதுதான் இதில் கஷ்டமான கேள்வி. 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு 138 பெண்களைத் தொடர்ந்து பார்த்தது. சினைப்பையை வைத்துக்கொண்டவர்களில் 62 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது, 31 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. இரண்டையும் எடுத்தவர்களில் அது 10 சதவீதமும் 3.7 சதவீதமும். இந்த எண்களைக் காட்டி "அதையும் எடுத்துடலாம்" என்று சட்டென முடிவு செய்யக்கூடாது. வைத்துக்கொண்டவர்கள் மொத்தமே 29 பேர்தான். 45 வயதுக்கு முன் இரண்டு சினைப்பையும் போனால் எலும்பு தேய்வதும் இதயநோய் வாய்ப்பும் கூடும். கட்டி ஒரு பக்கம்தான் என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மற்றதை விடுவது பல நேரங்களில் நியாயமான நடுவழி. சினைக்குழாய்கள் இரண்டையும் எடுத்துவிடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை, பிற்காலச் சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பும் குறையும்.

நாற்பது வயதுக்குள் என்றால் இன்னொரு டாக்டரிடம் கேட்டுவிட்டே முடிவெடுங்கள். தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கங்கள் பற்றிய பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிடும் அளவுக்கு இது நாடு முழுக்க உள்ள பிரச்சினை. "இன்னொருத்தரைக் கேட்கணும்" என்று சொன்னால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தேதி குறிக்கும் முன்: ரத்தமும் தேயிலையும்

மலையில் இருப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் எண் கொஞ்சம் ஏமாற்றும். உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு என்பதால் உடம்பு இயல்பாகவே ஹீமோகுளோபினைக் கூட்டி வைத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி 2000 முதல் 2500 மீட்டர் வரை உயரத்தில் வசிப்பவரின் அளவிலிருந்து 1.4 கிராமையும், 1500 முதல் 2000 மீட்டர் வரை என்றால் 1.1 கிராமையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஊட்டி சுமார் 2240 மீட்டர், குன்னூர் சுமார் 1850. ஊட்டிக்காரர் ஒருவர் கோவையில் ரத்தம் கொடுத்து 12 என்று ரிப்போர்ட் வந்தால் லேப் அதை 'நார்மல்' என்று போட்டுவிடும். கழித்துப் பார்த்தால் 10.6, அதாவது ரத்தசோகை. வருடக்கணக்கில் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் உடம்பில் இரும்புச்சத்துக் கையிருப்பு இதைவிட மோசமாக இருக்கும். நீங்கள் எந்த ஊர், எத்தனை உயரம் என்று டாக்டரிடம் சொல்லி, அந்தக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட்டும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

குறைவு என்றால் இரும்பு மாத்திரை தருவார்கள். மலையில் அது வேலை செய்யாமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் டீ. தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் ஏறவிடாமல் செய்துவிடும். காலை டீயோடு மாத்திரையை விழுங்கினால் பெரும்பகுதி கழிவாகத்தான் போகும். டீக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து எடுக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் வயிற்றுத் தொந்தரவு குறையும், உடம்பு உறிஞ்சுவதும் மோசமில்லை. ஆபரேஷனுக்கு ஒரு மாதம்கூட இல்லை என்றாலோ எண் ரொம்பக் கீழே இருந்தாலோ நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு ஊசியைப் பற்றிக் கேளுங்கள். இதற்கிடையில் மாதவிலக்கை நிறுத்திவைக்க டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை தந்தால், ஒரு பக்கம் ஏற்றுவது இன்னொரு பக்கம் கசிந்துவிடாது.

இன்னொன்றும் இந்த மலைக்கே உரியது. ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைத்துவிடும் அரிவாள் செல் மரபணு இந்தியாவில் முதன்முதலில் 1952இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் ஆபரேஷனுக்கு முன் அரிவாள் செல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். இருப்பது தெரிந்தால் உடம்பு குளிராமலும், நீர் வற்றாமலும், ஆக்சிஜன் குறையாமலும் மயக்க மருந்து டாக்டர் பார்த்துக்கொள்வார். தெரியாமல் குளிர்ந்த தியேட்டரில் படுத்தால் ஆபத்து.

ஸ்கேனில் இரண்டு விஷயம் விட்டுப்போகக்கூடாது. ஒன்று, யோனி வழியாகச் செய்யும் உள்வழி ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்து, குடல் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. ஒட்டியிருந்தால் குடல் சர்ஜன் அன்றைக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த வசதி உள்ள இடத்தில்தான் ஆபரேஷன் செய்ய வேண்டும். இரண்டு, சிறுநீரக ஸ்கேன். நோய்த்திசு சிறுநீர்க்குழாயை இறுக்கினால் சிறுநீரகம் வலியே இல்லாமல் வீங்கிச் செயலிழக்கலாம். சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை கூடுதலாக வந்தால் புற்றுநோய் என்று பயந்துவிட வேண்டாம், எண்டோமெட்ரியோசிஸிலேயே அது கூடும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதாக இருந்தால் முன் அனுமதி வர வேண்டும். ரிப்போர்ட்டில் நோயின் பெயரும், இதுவரை என்ன மருந்து எத்தனை மாதம் எடுத்தார் என்பதும் தெளிவாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வீட்டைத் தயார் செய்வது

சமவெளியில் எழுதப்பட்ட ஆலோசனைகள் "ஆறு வாரம் கனம் தூக்காதீர்கள்" என்பதோடு நின்றுவிடும். மலை வீட்டில் கனம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. வரம்பு 4 கிலோ. ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் 12 கிலோவுக்கு மேல். விறகடுப்பிலிருந்து குளியலறைக்குத் தூக்கிப்போகும் வெந்நீர் வாளி 15 கிலோ. கேஸ் சிலிண்டரில் வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோ பக்கம். வெந்நீர் வாளிதான் அதிகம் பேரை மாட்டவைக்கிறது, ஏனென்றால் அதை யாரும் 'வேலை' என்றே நினைப்பதில்லை. ஒரு சொம்பும் அரை வாளியும் வைத்துக்கொண்டு, குளிக்கும் இடத்துக்கே வேறொருவர் வெந்நீர் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிடுங்கள்.

ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பது ஐம்பது படி இறங்க வேண்டிய வீடுகள் ஊட்டியிலும் குன்னூரிலும் சாதாரணம். படி ஏறுவது தப்பில்லை. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறலாம். நடுவில் உட்கார ஒரு ஸ்டூல் போட்டுவையுங்கள். கழிவறை வெளியே இருக்கும் லைன் வீடுகளில் இரவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். குத்தவைத்து உட்கார்வது முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக்கொள்ளலாம்.

பாவாடை நாடாவை மறக்காதீர்கள். லேப்ராஸ்கோப்பியின் ஓட்டைகளும், ஓபன் ஆபரேஷனின் குறுக்குத் தையலும் நாடா இறுகும் இடத்தை ஒட்டியே வரும். ஒன்றரை மாதத்துக்கு நைட்டிதான். குளிருக்கு மேலே ஸ்வெட்டர், கீழே தளர்வான உல்லன் பேன்ட், இடுப்பில் இறுக்கும் எலாஸ்டிக் வேண்டாம். ஜூன் முதல் மழையும் மூடுபனியும் மாதக்கணக்கில் தொடரும்போது உள்ளாடை நாலு நாளானாலும் காயாது. ஈரத்தோடு போட்டால் காயத்தைச் சுற்றிப் பூஞ்சை பிடிக்கும், அயர்ன் பண்ணிப் போடுங்கள்.

அன்றைக்கு

கெட்டியான உணவு 6 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். தெளிந்த நீராகாரம் 2 மணி நேரம் முன்வரை சரி. இதில் குழம்புவது டீயில்தான். கட்டன் டீ நீராகாரம், பால் டீ உணவுக் கணக்கு. மருத்துவமனை வேறு நேரம் சொன்னால் அதுவே கணக்கு. அடிவயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி புகும். தாலிக்கொடி, மெட்டி, மூக்குத்தி எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. ரத்தத்தை அடைக்க மின்சாரத்தில் சுடும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள், உலோகம் பட்ட இடம் பொசுங்கக்கூடும். தாலியை மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளலாம். இருபது வருடமாகக் கழற்றாத மெட்டிக்கு முந்தைய நாளே சோப்பு போட்டுப் பாருங்கள், கடைசி நேரத்தில் வெட்டித்தான் எடுப்பார்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கர்ப்பப்பை, வாய், குழாய்கள், சினைப்பைகள் என நாலையும் தனித்தனியாகக் கேளுங்கள். எது போகும், எது இருக்கும், உள்ளே போன பிறகு முடிவு மாறலாம் என்றால் எந்த நிலையில் மாறும்? படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி மூன்று நான்கு சின்ன ஓட்டை வழியாகச் செய்வார்கள். பையை யோனி வழியாக எடுத்துவிட்டு மேல் முனையைத் தைத்து மூடுவார்கள். எண்டோமெட்ரியோசிஸில் சாதாரணக் கர்ப்பப்பை நீக்கத்தைவிட நேரம் அதிகம் பிடிக்கக் காரணம் ஒட்டல்கள். சிறுநீர்க்குழாய் கர்ப்பப்பை வாயிலிருந்து ஒன்றரை இரண்டு செ.மீ. தள்ளி, ரத்தக்குழாய்க்கு அடியில் ஓடுகிறது. ஒட்டல் அதை இன்னும் கிட்டே இழுத்துவிடும். பாதுகாப்புக்காக அதற்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பதுண்டு. வைத்திருந்தால் எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள், பெரும்பாலும் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். மறந்துபோய் வருடக்கணக்கில் உள்ளேயே விட்டால் அதைச் சுற்றிக் கல் படிந்து சிறுநீரகமே பாழாகிவிடும்.

மலை ஏறுவது எப்போது

கோவையில் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனதும் கார் பிடித்து ஊருக்கு வந்துவிடவே எல்லோரும் ஆசைப்படுவார்கள். வழி இருந்தால் பத்து நாளாவது கீழே சொந்தக்காரர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்கிவிடுங்கள். காரணம் வெறும் அலுப்பு இல்லை. ஆபரேஷனில் கவனிக்காமல் போன குடல் காயம் பெரும்பாலும் முதல் வாரம் பத்து நாளில்தான் வெளிப்படும். தையல் இடத்தில் இரண்டாம் முறை ரத்தம் வருவதும் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் நடுவில்தான் அதிகம். அந்த நேரத்தில் மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில், பர்லியாறு வழியில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ பாதை அடைத்துக்கொண்டால், கோத்தகிரி சுற்றித்தான் இறங்க முடியும். 2009 நவம்பரில் போல மழை கொட்டினால் அதுவும் நிச்சயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தேதி குறிக்காமல் இருப்பதே நல்லது.

ஊட்டிக்கு வரும் சிப்ஸ் பாக்கெட் மேலே வரவர உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் காற்றழுத்த வித்தியாசத்தில் அடைபட்ட காற்று கால் பங்கு விரியும். குடலில் நிற்கும் வாயுவும் அப்படித்தான். ஆபரேஷனுக்காக நிரப்பிய வாயு இரண்டு மூன்று நாளில் உடம்பிலேயே கரைந்துவிடும், தோள்பட்டை வலிக்கு அதுதான் காரணம். ஆனால் மந்தமாக இருக்கும் குடலில் தேங்கும் வாயு கரையாது. வாயு பிரிந்து, மலமும் ஒருமுறை போன பிறகு ஏறுவது வயிற்றுக்கு நிம்மதி.

பயணத்தில் முன் சீட், வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை. வளைவில் வாந்தி வருபவர் மாத்திரையை ஏறும் முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி எடுக்கும்போது தையலில் விழும் இழுப்பு, குடம் தூக்குவதைவிட மோசம். நடுவில் ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள், கால் நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு குறையும்.

ஆறு வாரம்

படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். இருமல், தும்மல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ளுங்கள். கணப்புச் சட்டிக் கரிப்புகை இருமலைக் கிளப்பும், கதவை மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. அந்த அறையில் படுக்க வேண்டாம்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு தேடாமல் முதல் நாலைந்து நாள் நேரப்படி போட்டால்தான் நடக்க முடியும், நடந்தால்தான் குடல் வேலை செய்யும். மலச்சிக்கல் இங்கே சாதாரண விஷயம் இல்லை. முக்கினால் யோனி முனையில் உள்ள தையல் இழுபடும். குளிரில் தாகமே எடுக்காது, அதனால் ஒரு லிட்டர் ஃபிளாஸ்க்கை இரண்டு முறை காலி செய்வது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. "தண்ணி குடிச்சா நீர் கோத்துக்கும், பருப்பும் முட்டையும் சீழ் வைக்கும்" என்று பிரசவப் பத்தியத்தைத் தூக்கி இதில் போடுகிறார்கள். நேர்மாறானது உண்மை. தசை கூடுவதற்குப் புரதம்தான் வேண்டும். அவரைக் கொட்டை, முட்டை, பயறு, கோழிச் சாறு எல்லாம் சாப்பிடலாம்.

லேசான பழுப்பு, இளஞ்சிவப்புக் கசிவு சில வாரம் இருக்கும், தையல் கரையும்போது ஒரு நாள் கொஞ்சம் கூடும். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, வயிற்று வலி நாளுக்கு நாள் குறையாமல் ஏறினாலோ, கெட்ட வாடை வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். யோனி வழியாகத் தண்ணீர் மாதிரி ஓயாமல் கசிந்தால் அது வெள்ளைப்படுதல் இல்லை. சிறுநீர் கசிவாக இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

தாம்பத்திய உறவு 8 முதல் 12 வாரத்துக்குப் பிறகு, டாக்டர் உள்ளே பார்த்து ஆறிவிட்டது என்று சொன்ன பின்தான். முனைத் தையல் பிரிவது அபூர்வம், பிரிந்தால் குடல் இறங்கும் அளவுக்குப் போகும். வெட்கப்பட்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் வருபவர்கள்தான் அதிகம், கணவரையும் கூட வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

மேசை வேலைக்கு நாலு முதல் ஆறு வாரம். தோட்ட வேலைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சரிவில் நின்று, முதுகில் இலைப் பையோடு கொழுந்து பறிப்பது, கத்தரியை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து வெட்டுவது, கேரட் மூட்டை நகர்த்துவது எல்லாம் வயிற்றுத் தசையின் வேலை. மூன்று மாதம் ஆகட்டும். அதற்கு முன் போயே ஆக வேண்டும் என்றால் நர்சரியில் பை நிரப்புவது போன்ற உட்கார்ந்த வேலையைக் குறிப்பிட்டு டாக்டரிடம் சான்று எழுதி வாங்குங்கள். 'ஓய்வு தேவை' என்று மட்டும் எழுதினால் மேஸ்திரிக்கு எதுவும் புரியாது.

அதற்குப் பிறகு

இரண்டு சினைப்பையும் போயிருந்தால் சில நாளிலேயே மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகள் ஒரேயடியாக வந்து இறங்கும். உறைபனி பெய்யும் மார்கழி இரவில் கம்பளியை உதறிவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருப்பது பைத்தியம் இல்லை, ஹார்மோன் குறைவு. வயது ஐம்பதுக்குள் என்றால் ஹார்மோன் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படும். சாதாரணமாகக் கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தருவார்கள். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவருக்கு உள்ளே மிச்சமிருக்கும் திசு தூண்டப்படலாம் என்பதால் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த மருந்தையே விரும்புகிறார்கள். புது டாக்டர் மருந்து எழுதும்போது "எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது" என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. அவர் கையில் இருப்பது 'கர்ப்பப்பை நீக்கம்' என்ற ஒரு வரியாக மட்டும் இருக்கலாம்.

மூன்று மாதம் தாண்டியும் பழைய மாதிரியே வலித்தால், "பையே இல்லையே, எப்படி வலிக்கும்" என்று யாராவது சொல்வதைக் கேட்டு அடங்கிவிடாதீர்கள். விடுபட்ட திசு, மீந்த சினைப்பைத் துண்டு, வருடக்கணக்கான வலியில் இறுகிப்போன இடுப்புத்தளத் தசை என்று காரணங்கள் உண்டு. கடைசிக் காரணத்துக்குக் கத்தி வேண்டியதில்லை, பிசியோதெரபி போதும். எது என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு இரண்டு தாள் வேண்டும்: உள்ளே என்ன பார்த்தார்கள், எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்ற ஆபரேஷன் குறிப்பு, எடுத்த திசுவின் பயாப்ஸி ரிப்போர்ட். பயாப்ஸி டிஸ்சார்ஜ் அன்று கையில் கிடைக்காது, வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தையல் பார்க்கப் போகும் அன்று மறக்காமல் கேட்டு வாங்கி, இரண்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். ஊட்டி ஈரத்தில் காகிதம் பூசணம் பிடித்து எழுத்து அழிந்துபோகும்.